தலைப்பை இரண்டு தடவை சொல்கிறவள்

கதை வாசிக்கிற தொழிலில் தொண்டை கட்டிக்கொண்டால்கூட மிளகுப் பால் குடித்துச் சமாளித்துவிடலாம். தலைப்பைத் தப்பான குரலில் சொல்லிவிட்டால் மிளகும் காப்பாற்றாது, பாலும் காப்பாற்றாது. பிள்ளையைத் தூங்கவைக்கக் கதை சொல்லப்போய் "அப்புறம்?" என்ற கேள்வியில் மாட்டித் தானே தூங்கிப்போனவர்கள், வகுப்பில் துணைப்பாடக் கதை நடத்தி மாணவர்களின் கொட்டாவியை எண்ணியவர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் படத்தின் கதையைச் சொல்லிச் சண்டையில் முடித்தவர்கள் எல்லோரும் என் இனம். உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்?

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு ஓரம் எங்கள் சமுதாய வானொலி இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கோபுரம், அதில் கூடு கட்டிய காக்கைகள். காலையில் காய்கறி விலை, அது முடிந்ததும் ஒரு பாட்டு, அப்புறம் நான் வாசிக்கும் கதை. கதைகளை அனுப்புகிறவர்கள் நேயர்களேதான். எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் தலைப்பைச் சொல்வேன், கதையை வாசிப்பேன். முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அதே தலைப்பை இன்னொரு தடவை சொல்வேன். கருத்து, நீதி, அறிவுரை எதுவும் கிடையாது. ஆரம்பத்தில் தலைப்பு என்பது கடைக்கு வெளியே தொங்கும் போர்டு மாதிரிதான். முடிவைக் கேட்ட பிறகு அதே வார்த்தைகள் வேறு யாரையோ பார்த்துச் சொன்னதாக ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

ஒட்டுப் போட்ட தலைப்பு

ஆரம்பத்தில் கதைகளை முதல் நாளே பதிவு செய்து வைத்துவிடுவோம். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்வது ஜெபராஜ். போடி பஜாரில் பீரோ கடை வைத்திருக்கும் குடும்பத்து ஆள் என்பதால் எதையும் வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. "அதே தலைப்புதானக்கா, எதுக்கு ரெண்டு தடவ தொண்டையக் கிழிக்கணும்? முதல்ல சொன்னதையே காப்பி பண்ணிக் கடைசில ஒட்டிர்றேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அன்றைய கதை 'மூணாவது டம்ளர்'. ஒரு புருசனும் பெண்டாட்டியும் தினமும் விடிந்ததும் மூன்று டம்ளரில் காபி ஊற்றுகிறார்கள். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர். மூன்றாவது யாருக்கு, போய்ச் சேர்ந்த பிள்ளைக்கா என்று கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கட்டும் என்று நான் வேண்டுமென்றே தலைப்பைக் கம்மிய குரலில் சொல்லியிருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த டம்ளர், வாய்க்கால் தகராறில் வருசக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துத் தோட்டக்காரருக்கு. ஊருக்கு முன்னால் இருவரும் முறைத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் அவர் கொல்லைப்பக்கமாக வந்து காபியைக் குடித்துவிட்டுப் போய், பஞ்சாயத்தில் மறுபடியும் எதிர்ப்பக்கம் உட்காருவார்.

சிரித்துக்கொண்டே முடிய வேண்டிய கதை. ஜெபராஜ் ஒட்டிய தலைப்போ மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றது. கூடலூரிலிருந்து ஓர் அம்மா உடனே போனில் பிடித்துவிட்டார். "ஏன்த்தா, கதை என்னமா சிரிக்குது, நீ எழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி தலைப்பச் சொல்றியே, அந்தக் காப்பியக் குடிச்சுட்டு அந்தாளு செத்துப்போயிட்டாரா?"

பெட்டிக்கு மேலே வைத்த குலை

அன்றோடு ஒட்டுவேலை நின்றது. எல்லாம் நேரலை என்று ஆனது. நேரலையில் வேறு வகைத் தலைவலிகள் உண்டு, அவற்றில் முதன்மையானது கதாசிரியர். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சன்னாசி ஐயா ஒரு கதை அனுப்பினார். தலைப்பு 'திருடன் மருமகன்தான்'. தோட்டத்தில் தினமும் குலைகள் காணாமல் போகின்றன, யார் திருடுகிறார்கள் என்று கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். நான் போன் போட்டு, "ஐயா, தலைப்பிலேயே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் நான் அப்புறம் எதை வாசிப்பது?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் அசரவில்லை. "பெட்டிக்கு மேல நல்ல குலைய வச்சாத்தேன் யாவாரி நிப்பான் தாயி. அடியில நல்லது இருக்குன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்?" என்றார். கதையில் மட்டும் நல்ல குலை அடியில்தான் இருக்கணும் என்று மன்றாடி, 'தோட்டத்துத் திருட்டு' என்று மாற்றவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கதையில் தோட்டத்துக்காரரான அப்பா ஒளிந்திருந்து மருமகனைப் பிடித்துவிடுகிறார். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகளை வாசல் மிதிக்கவிடாமல் வைத்திருக்கிறவர் அவர். மகள் மாசமாக இருக்கிறாள், அப்பா தோட்டத்துத் திராட்சைதான் வேண்டுமென்று கேட்கிறாள் என்கிறான் மருமகன். குலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நிற்பதோடு கதை முடிகிறது. நான் மூச்சு விட்டு, மெதுவாக, 'தோட்டத்துத் திருட்டு' என்றேன். மகளுக்கு உள்ளதை மறைத்துவைத்தது யார் என்று அந்த ஒரு மூச்சில் கேட்டவர்களுக்கு விளங்கியிருக்கும்.

மத்தியானம் சன்னாசி ஐயாவின் வீட்டம்மா கூப்பிட்டார். திருட்டு மட்டும்தான் கற்பனை, மிச்சமெல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான் என்றார். "மகள்கிட்ட பேச மாட்டேன்னு வீம்பா இருந்த மனுசன், நீ ரெண்டாவது தடவ தலைப்பச் சொன்னதும் எந்திரிச்சுப் போயி ஒரு பெட்டிய நெறச்சு, மக இருக்குற ஆண்டிபட்டிக்கு பஸ்ல ஏத்திவிட்டு வந்திருக்காக" என்று அவர் சொல்லும்போது குரல் குதித்தது. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன். அப்புறம் ஐயாவே போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "மேல வச்சதும் நல்ல குலைதேன், அடியில வச்சதும் நல்ல குலைதேன், போதுமா?"

பூட்டாத பீரோ

ஜெபராஜின் சித்தப்பா, போடி பீரோ கடை முதலாளி, கதை நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்க முன்வந்தார். உறுதியான பூட்டு, உடைக்க முடியாத கதவு என்று விளம்பரம் முழங்கி ஓய்ந்தது. அடுத்து நான் மைக்கைப் பிடித்து அறிவித்த தலைப்பு: 'பூட்டாத பீரோ'. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய போன் மேசையில் துள்ளத் தொடங்கியது.

மாமியார் பீரோவைப் பூட்டாமல் விட்டுப் போவது தன்னைச் சோதிக்கத்தான் என்று ஒரு மருமகள் நினைத்துக்கொண்டே இருக்கிறாள். இவள் வாய்விட்டு ஒன்றும் கேட்கக் கூசுவாள், கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்த அம்மா பூட்டுவதில்லை என்பது கடைசியில் தெரிகிறது. கதை முடிந்ததும் துள்ளிய போனை ஜெபராஜ் என்னிடமே நீட்டிவிட்டார். சித்தப்பாவின் குரல் இளகிப்போயிருந்தது. "கதை ரொம்ப நல்லாருக்கும்மா, என் வீட்டுக்காரியே அழுதுட்டா. ஒண்ணே ஒண்ணு, முடிவ முதல்ல வாசிச்சிட்டு அப்புறமா தலைப்பச் சொல்ல முடியாதா?"

பாறை வளைவு வரைக்கும்

கம்பத்திலிருந்து விடிந்ததும் ஜீப்புகள் மலையேறும். பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். அதில் ஒன்று தவமணி ஓட்டுகிற ஜீப். அந்த ஜீப்பில் என் கதை தினமும் ஓடும், முக்கால்வாசி வரைக்கும். மலையில் கொஞ்ச தூரம் ஏறியதும் ஒரு பெரிய பாறையை ஒட்டி வளைவு ஒன்று இருக்கிறது. அதைத் திரும்பினால் எங்கள் வானொலி செத்துவிடும். ஆக, தலைப்பு கிடைக்கும், கதை கிடைக்கும், முடிவு மட்டும் அந்த ஜீப்புக்கு வாய்த்ததே இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாலையில் ஜீப் இறங்கிப் பாறையைத் தாண்டியதும் ராசாத்தி எனக்குப் போன் போடுவார். அந்த ஜீப்புக்குப் பேச்சாளர் அவர்தான். பகலெல்லாம் காய் எடுத்துக்கொண்டே எல்லோரும் ஆளுக்கொரு முடிவு கட்டியிருப்பார்கள். தோட்டத்து மலையாளி மேஸ்திரிகூட மத்தியானச் சோற்று நேரத்தில் "கத தீர்ந்நோ சேச்சி?", அதாவது கதை முடிந்ததா அக்கா, என்று கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொல்வாராம்.

'கட்டிலுக்கடியில் புதுச்செருப்பு' என்று ஒரு கதை. ஒரு பெண் நல்ல செருப்பு ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள், போடுவதே இல்லை. புருசனை அடிக்கத்தான் என்பது ராசாத்தியின் முடிவு. "இங்கன எங்க கடைசிப் பலகையில அமுதான்னு ஒருத்தி இருக்கா, வாயத் தொறக்க மாட்டா. அவ சொல்றா, யாராச்சும் வான்னு கூப்புடுவாகன்னு வச்சிருக்காளாம்" என்றார். அசல் முடிவு அப்படியில்லை, ஆனால் அமுதாவின் முடிவுதான் எனக்குப் பிடித்தது. ஏன் கடைசிப் பலகையில் இருக்கிறாள் என்று கேட்டேன். வளைவு வளைவாக அவளுக்குக் குமட்டுமாம், பின்னால் இருந்தால் வெளியே தலையை நீட்டிக்கொள்ளலாமாம். "முன் சீட்டுல உக்காந்தா குலுங்காது. அதுல ஸ்பிரிங்கு போச்சுன்னு சொல்லி இந்தத் தவமணி தண்ணிக் கேன ஏத்தி வச்சிருக்கான். நாங்க பின்னாடி புளிமூட்டையா நசுங்குறோம், கேன் மகராசனா முன்னாடி வருது" என்று ராசாத்தி பொரிந்தார்.

இத்தனை ஆசையாகக் கேட்கிறார்களே என்று, கதையைப் பதிவு செய்து அவர்கள் போனுக்கே அனுப்புகிறேன் என்றேன். என் பெருந்தன்மையை ராசாத்தி பட்டென்று தட்டிவிட்டார்: "அய்யய்ய, வேணாம்க்கா, முடிவு தெரிஞ்சுபோச்சுன்னா பொழுதுக்கும் என்னத்தப் பேசிக்கிட்டுக் காய் எடுக்குறது?"

இன்ஜின் சத்தத்தோடு வந்த கதை

அந்த ஜீப்பை ஓட்டுகிற தவமணியிடமிருந்து ஒரு நாள் எனக்கு ஒரு கதை வந்தது. எழுத வராது என்று வாயாலேயே பேசி அனுப்பியிருந்தார். பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு இடத்தில் யாருக்கோ வழிவிடச் சொல்லித் திட்டும் கேட்டது. தலைப்பு 'முன் சீட்டு'. அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு நான் எழுதிக்கொண்டேன்.

ஒரு ஜீப் டிரைவர் முன் சீட்டில் யாரையும் உட்காரவிடுவதில்லை. ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லி அதில் தண்ணீர் கேனை வைத்திருக்கிறான். திமிர் பிடித்தவன் என்று எல்லோரும் ஏசுகிறார்கள். ஒருநாள் மெக்கானிக் அந்த சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறான். அப்போதுதான் டிரைவர் சொல்கிறான்: பின்னால் ஒரு பெண் வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறாள், இந்த சீட்டு அவளுக்கு. வந்து உட்காரச் சொன்னால் ஊர் பேசும், அவளுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் தினமும் காலையில் சீட்டைத் துடைத்துத் துண்டு விரித்து, மேலே கேனை வைத்துவிடுகிறேன். கதை அவ்வளவுதான். ஏசுகிறவர்களின் வாயில் புகாராக ஆரம்பித்த தலைப்பு முடிவில் என்னவாகிவிட்டது பாருங்கள். இத்தனை கதை வாசித்தவள், நானே அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

தவமணியைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் வாசிக்கிறேன் என்றேன். "இந்த வாரமே வாசிச்சிருங்கக்கா" என்றார். கதாசிரியர்களின் அவசரம் எனக்குப் பழகியதுதான் என்பதால், வரிசை என்று ஒன்று இருக்கிறது என்று சுருக்கென்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "ஞாயித்துக்கிழமை அமுதாவப் பொண்ணு பாக்க வாராக, திருப்பூர்க்காரக. பேசி முடிஞ்சுபோச்சுன்னா அமுதா அங்கிட்டே போயிருவாக" என்றார். நேரிலேயே சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகவே வரிசையைத் தூக்கித் தூரப் போட்டேன்: "நேர்ல கேட்டா அவுக பதில் சொல்லியாகணும்க்கா, புடிக்கலைன்னா நாளைக்கு வேற ஜீப்பு தேடணும். கதைன்னா, கதைதானேன்னு விட்டுட்டு எப்பவும் போல ஏறி உக்காந்துக்கலாம்ல."

நேரத்தோடு ஒரு மல்லுக்கட்டு

வாசிக்கிற நாளில்தான் எனக்கு உறைத்தது. பாறை வளைவு! முடிவில்தானே அந்தக் கதை இருக்கிறது? முடிவு போய்ச் சேராவிட்டால் அந்த ஜீப்பில் 'முன் சீட்டு' வெறும் புகாராகவே மலையேறிவிடும். பகலெல்லாம் ராசாத்தி அதற்கு ஒரு முடிவு கட்டுவார், அதில் தவமணிக்கு எலும்பு மிஞ்சாது. ஜெபராஜிடம் விசயத்தைச் சொன்னேன். மனிதர் பரபரவென்று பாட்டைத் தூக்கினார். காய்கறி விலையை நான் ஒரே மூச்சில் ஓட்டினேன். அன்றைக்கு வெண்டைக்காய் விலையைச் சொல்லாமல் விட்டதற்குச் சின்னமனூரில் இன்னும் ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பெயர் சொல்ல விரும்பாத நேயர் எழுதியது என்று சொல்லி வாசித்தேன். ஓட்டமாக வாசித்தால் கதை கெட்டுவிடும், நிதானமாக வாசித்தால் ஜீப் போய்விடும். ஆரம்பத்தில் தலைப்பைச் சண்டைக்காரக் குரலில் சொன்னேன். முடிவு வந்தது. மூச்சு விட்டேன். இரண்டாவது தடவை 'முன் சீட்டு' என்றபோது, யாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மாலையில் ராசாத்தியின் போன் வருகிற நேரம் வந்தது, போன் வரவில்லை. மற்ற ஜீப்புகள் இறங்கிவிட்டன என்று கம்பத்திலிருந்து தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆகாதது ஏதோ ஆகிவிட்டது, நல்லது செய்யப்போய் ஒரு பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் கூச வைத்துவிட்டோமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தும் ஜெபராஜ் வீட்டுக்குப் போகவில்லை. வயரைச் சுற்றினார், சுற்றியதையே அவிழ்த்தார், கடைசியில் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ரெண்டாவது தடவ தலைப்பச் சரியாத்தானக்கா சொன்னீக?"

துண்டு விரித்த சீட்டு

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. ராசாத்திதான். எடுத்த எடுப்பில் "கெடுத்தீகளே எம்பொழப்ப!" என்று சிரித்தார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. காலையில் 'முன் சீட்டு' என்ற தலைப்பைக் கேட்டதும், தான் போனில் புலம்பியதைத்தான் அக்கா கதையாக எழுதிவிட்டார் என்று ராசாத்தி ஜீப் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறார். "கேளு, நல்லாக் கேளு" என்று தவமணியை முதுகில் குத்தாத குறை. பாறை வளைவுக்குச் சற்று முன்னால் தவமணி ஜீப்பை ஓரங்கட்டி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று இறங்கியிருக்கிறார். "கொஞ்சந்தேன் ஏறியிருக்கு, அதுக்குள்ள என்னடா சூடு?" என்று ராசாத்தி கேட்டிருக்கிறார். தவமணி முன் சீட்டில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்து, அதற்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டார்.

ஜீப்புக்குள் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. முடிவு வரும்போது எல்லோரும் எட்டி முன் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். கேன் இல்லாத சீட்டு. ஒரு பொட்டுத் தூசி இல்லை, மேலே சலவைத் துண்டு ஒன்று விரித்திருந்தது. "ஸ்பிரிங்கு போச்சுன்னு சொல்லி இம்புட்டு நாளும் எங்கள நசுக்கிட்டு வந்திருக்கான் களவாணிப்பய" என்றார் ராசாத்தி, வசவு மாதிரியே இல்லாத குரலில். அதற்குப் பிறகு ஜீப் பாறையைத் தாண்டியது. முதல் தடவையாக முடிவு தெரிந்த கதை கையில் இருந்தும் மத்தியானம் வரைக்கும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மலையாளி மேஸ்திரி வந்து வழக்கம்போல "கத தீர்ந்நோ?" என்றாராம். அமுதா காயைப் பார்த்துக்கொண்டே, "இல்ல, தீரல" என்றாளாம்.

"இரு, அவளே பேசணுமாம்" என்று ராசாத்தி போனைக் கைமாற்றினார். அமுதாவின் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. மெல்லிய குரல், ஆனால் வளைந்து கொடுக்கிற குரல் இல்லை. "அக்கா, அந்தக் கதையில முடிவு தப்புக்கா" என்றாள். "சீட்டத் தொடச்சு வச்சது சரி. ஸ்பிரிங்கு போச்சுன்னு சொல்லி மேல கேன வச்சா அதுல எவ வந்து உக்காருவா? ஏறுங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும்ல? சாயங்காலம் எறங்கும்போது கேட்டேன், வண்டிய அங்கனயே நிறுத்திட்டு, பேச்சு வராம முழிச்சிட்டு, அப்புறமாச் சொன்னாக. அதுக்குத்தேன் நேரமாயிப்போச்சு." பின்னால் ஜீப் முழுக்கச் சிரிப்பு கேட்டது. ஏறினாயா என்று கேட்டேன். "முன்னாடி உக்காந்துதேன் பேசுறேன். குமட்டவே இல்லக்கா" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. ஜெபராஜ் ஆடியேவிட்டார், வயர் காலில் சிக்கியது. ஆனாலும் திருப்பூர்க்காரர்கள் நினைவுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று பயந்துகொண்டே கேட்டேன். அம்மாவிடம் போனிலேயே பேசிவிட்டதாகவும், அம்மா கொஞ்சம் கத்திவிட்டு, மகள் உள்ளூரிலேயே இருப்பாள் என்று புரிந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். அப்புறம், எங்கள் வானொலிக்கு யாரும் இதுவரை அனுப்பாத ஒரு கதையை ஒரே வரியில் சொல்லி முடித்தாள்: "பொண்ணு பாக்குறது ஞாயித்துக்கிழமைதேன்க்கா, கேசரிக்கு ரவையெல்லாம் வாங்கியாச்சு, வர்ற ஆளு மட்டுந்தேன் மாறுது."

ஆகவே சக தியாகிகளே, தலைப்பை எப்போதும் இரண்டு தடவை சொல்லுங்கள்; இரண்டாவது தடவையில் எங்கேயோ ஒரு வீட்டில் கேசரி கிண்டத் தொடங்கினால் அந்தப் பழியை மட்டும் என்மேல் போடுங்கள், வெண்டைக்காய் விலைக்கு ஜெபராஜ் பொறுப்பு.